படகு சாயும்போது

முப்பத்தெட்டாம் கயிறு: நாற்பத்தொரு கிலோ.
முப்பத்தொன்பது: முப்பத்தாறரை.
நாற்பதாவதை எலியேசர் தட்டும்போது
படகு சாய்ந்தது.
கைபேசியும் சாய்ந்தது.
திரை ஒருமுறை இமைத்துவிட்டு
வெறும் பெட்டிகளைக் காட்டியது,
முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல:
உங்கள் பெயர்?

காஸ்ட்ரோவில், இரும்புச் சாமான் கடைக்கு மேலே,
மழை தகரத்தில் ஆணி அடித்துக்கொண்டே இருக்கும் அறையில்
அந்தச் செயலியை எழுதியவள் நான்.
என் மேசை சாய்வதில்லை.
மூன்று மாதத்தில் ஒரு தடவைகூடக்
கைபேசியைத் திருப்பிப் பார்க்கவில்லை.
சோதித்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டவளும் நானே.

குரல்செய்தியில் அவர் திட்டவில்லை.
பின்னால் என்ஜின், கடற்சிங்கங்களின் குரைப்பு,
சிப்பிகள் பெட்டியில் கொட்டும் சத்தம்.
"ரயேன், உன் ஆப்புக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை போல.
தின்றதையெல்லாம் வாந்தி எடுத்துவிடுகிறது."

நடப்பது இதுதான்.
நின்ற திரை படுத்தால்
ஆண்ட்ராய்டு அந்தப் பக்கத்தைக் கொன்றுவிடும்.
கொலை என்று யாரும் சொல்வதில்லை.
இடைநிறுத்தம், நிறுத்தம், அழிப்பு,
மூச்சு விடாமல் உருவாக்கம், தொடக்கம், விழிப்பு.
ஆறு படியும் ஒரு கண்சிமிட்டலுக்குள்.
அதே முகம், அதே பொத்தான்கள்.
கயிறுகள் மட்டும்
போன ஜென்மத்தோடு போய்விடும்.

முதலில் சோம்பேறி வைத்தியம்:
ஒரே வரி. திரை இனித் திரும்பாது.
வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டு நன்றாகத் தூங்கினேன்.
திங்கட்கிழமை ஒரு புகைப்படம் வந்தது:
சுக்கானுக்குப் பக்கத்தில், பழைய ரேடியோவின் இரும்புப் பிடியில்
கைபேசி படுக்கவைத்தே திருகப்பட்டிருக்கிறது.
அங்கே இருக்கிற இடம் அவ்வளவுதான்.
அவர் தங்கை மகன் லௌதாரோ
தலையைத் தோளில் சாய்த்து எடை படிக்கிறான்,
பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

வரியை அழித்தேன்.
எண்களைப் பக்கத்திடமிருந்து பிடுங்கி,
பக்கம் செத்தாலும் சாகாத ஓரிடத்தில் வைத்தேன்.
எமுலேட்டரை இடமும் வலமுமாக நூறு முறை உருட்டினேன்.
ஒன்றும் சிந்தவில்லை.

அப்புறம் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது.
டல்காவேயிலிருந்து வியாபாரி. விலைப் பேச்சு இருபது நிமிடம்,
நடுவில் சிப்பியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி வேறு.
நினைவகம் குறைந்த அந்தக் கிழட்டுக் கருவி
கேமராவுக்கு இடம் வேண்டி
என் செயலியை, சாகாத இடத்தோடு சேர்த்து,
வழித்து வெளியே போட்டது.
விலை படிந்ததாம்.
கணக்குத்தான் இல்லை.

சாகப்போகும் பக்கத்துக்கு
ஒரு சின்ன மூட்டை தருவார்கள்.
மறுபிறவியின் வாசலில் அது அப்படியே கைக்கு வரும்.
சின்னது என்றால் சின்னது:
படத்தைக் கட்டாதே, முழுப் பட்டியலையும் திணிக்காதே.
எந்தப் படகு, எத்தனையாவது கயிறு,
விரல் எங்கே நின்றது, போதும்.
மற்றதைச் சேமிப்பில் எழுது,
எண் விழுந்த அந்த நொடியே.
பிறகு எழுதலாம் என்பாயே, அந்தப் பிறகு
கடலில் கிடையாது.

புதன்கிழமை நானே போனேன்.
வடக்குக் காற்று. எட்டாம் கயிற்றிலேயே
வயிறு புரண்டது எனக்கு.
பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு,
காலையில் தின்ற ரொட்டியைக் கடலுக்குக் கொடுத்தபடி கேட்டேன்:
"எண் இருக்கிறதா?"
"இருக்கிறது."
அடுத்த அலை.
"இப்போது?"
"இருக்கிறது. நீ முதலில் கம்பியைப் பிடித்துக்கொள்."
நடுவில் வேண்டுமென்றே அவருக்கு அழைத்தேன்,
கேமராவைத் திறக்கச் சொன்னேன்,
கைபேசியைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னேன்.
லௌதாரோவுக்கு இதெல்லாம் திருவிழா.

நாற்பதாம் கயிறு: முப்பத்தொன்பது கிலோ.
நின்றது.
விசைப்பலகை மட்டும் ஒவ்வொரு சாய்விலும்
தானாக மூடிக்கொள்கிறது.
மறப்பதற்குள் குறித்துக்கொள்ள
நனைந்த பைகளைத் துழாவினேன்.

எலியேசர் தச்சுப் பென்சிலை நீட்டினார்.
சுக்கான் பலகையில், அவர் எழுதிவைத்திருந்த
நாற்பது எடைகளுக்கும் கீழே
கொஞ்சம் இடமிருந்தது.